பாவாடை டெய்லர் மகன்

எங்கப்பா பெயர் பாவாடை.

சிரித்து முடித்துவிட்டீர்களா? அவசரமில்லை, நிதானமாகச் சிரித்துவிட்டு வாருங்கள். முப்பத்தாறு வருஷமாகக் காத்திருந்து பழகியவன் நான். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வாத்தியார் வருவார். 'இனிஷியலுக்கு விரிவு என்னடா?' என்பார். சொல்வேன். வகுப்பு முழுக்க ஓர் அலை எழும்பி அடங்கும். அது அடங்குகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன்.

பெயரோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். தொழில்? அப்பா டெய்லர்! கள்ளக்குறிச்சியில் 1978-ல் கடை போட்டார். போர்டு எழுத வந்த பெயிண்டர் 'பாவாடை டெய்லர்ஸ்' என்று சிவப்பு எழுத்தில், மஞ்சள் நிழல் கொடுத்து, அட்டகாசமாக எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்தே பெண்கள் கூட்டம். "அண்ணே, உள்பாவாடைக்கு எத்தனை மீட்டர் எடுக்கணும்?" அப்பா தைப்பதோ ஆண்கள் சட்டை, டவுசர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போர்டுக்குக் கீழே 'ஆண்கள் உடை மட்டும்' என்று சேர்த்து எழுதச் சொன்னார். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

எங்கள் நடுநாட்டுப் பக்கம் இது அபூர்வமான பெயர் இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்ப் பக்கக் கிராமத்துத் திண்ணையில் நின்று "பாவாடை!" என்று கூப்பிட்டால் ஒரு பெரியவராவது திரும்பிப் பார்ப்பார். சிக்கலெல்லாம் செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான்.

நான் தாண்டினேன். பி.காம். படிக்க 2006-ல் சென்னைக்குப் போனேன். ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரி, ஆளுக்கு ஆள் அறிமுகம். "பி ஃபார்?" என்றான் ஒருவன். ஒரு நொடிதான் யோசித்தேன். "பாண்டியன்."

காமர்ஸ்காரன் பாருங்கள், பொய்யைக்கூட டேலி ஆகிற மாதிரிதான் சொன்னேன். சர்ட்டிபிகேட்டில் இருக்கிற 'பி'-க்கும் பாண்டியனுக்கும் பைசா வித்தியாசம் கிடையாது.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை அப்பா திடீரென்று ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் முறுக்கு, எனக்கு இரண்டு சட்டை. ரூம்மேட் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று, "வணக்கம் பாண்டியன் அங்கிள்!" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு அவனிடம், "வணக்கம் தம்பி. நல்லா படிக்கறீங்களா?" என்றார். சட்டையைப் பிரித்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார். "கொஞ்சம் எளச்சிட்டே" என்றார். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தேவலை.

இந்தப் பழைய கதையெல்லாம் இப்போது கிளம்பியதற்குக் காரணம், என் மகள். பிறந்து ஐந்து மாசம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது. பன்னிரண்டு மாசத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் கட்டணம் என்று விதி. கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். என் மனைவியோ செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எல்லாப் பெயரிலும் ஒரு 'ஷ' அல்லது 'ஜ' அல்லது 'ஹ', சிலதில் மூன்றும். ஒரு பெயரை நான் இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்ததில் எச்சில் தெறித்துக் குழந்தை அழுதது.

அப்பா மட்டும் ஒரு தடவை, மோர் குடித்துக்கொண்டே, "எங்கம்மா பேரு மாரியம்மா" என்றார். சிபாரிசு இல்லை, சும்மா ஒரு தகவல் மாதிரி. மனைவி, "பார்க்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

பெயர் தேடுகிற சாக்கில் பரணில் ஏறினேன். அங்கே அப்பாவின் அளவு நோட்டுகள் இருந்தன. 1978 முதல் கடையை மூடிய 2015 வரைக்கும், காலிக்கோ பைண்டிங் போட்ட நீள நோட்டுகள். இடது பக்கம் பெயரும் ஊரும். பக்கத்தில் உயரம், மார்பு, தோள், கை, கழுத்து. லெட்ஜர் மாதிரியேதான். நான் டிகிரி முடித்து எழுதியதைவிட அடித்தல் திருத்தல் குறைவு.

முதல் நோட்டைத் திறந்தேன். ஒரே பக்கத்தில் மூன்று குப்பன், இரண்டு பிச்சை, ஒரு மூக்கன், ஒரு தவிடன். அடுத்த பக்கத்தில் கூத்தன், சகாதேவன், சடையன், ஆண்டி, கருப்பன். நோட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து அப்பாவிடம் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, பெத்த பிள்ளைக்கு யாராவது குப்பன்னு வைப்பாங்களா?"

"பெத்த பிள்ளைக்குத்தான்டா வைப்பாங்க" என்றார்.

முன்னாடி பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்ததாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்களாம். எமன் வந்து பார்த்தால், 'இது குப்பை, வேண்டாதது' என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. அதுதான் குப்பன், குப்பம்மாள். குழந்தையை இன்னொருத்தர் கையில் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் தவிடன், தவிட்டம்மாள். இது எங்கள் பிள்ளையே இல்லை, விலைக்கு வாங்கியது என்று எமனிடம் பில் காட்டுவது! மூக்கைக் குத்தி அடையாளம் மாற்றினால் மூக்கன், மூக்காயி. மடியேந்தி வாங்கியது பிச்சை.

அதுவரைக்கும் நான் இதையெல்லாம் இளக்காரமான பெயர்கள் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் மூன்று குப்பன் என்றால், மூன்று வீட்டில் அதற்கு முன்னால் தொட்டில் காலியாகியிருக்கிறது.

நம் ஆட்கள் மட்டும்தான் எமனை ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். மங்கோலியாவில் 'நெர்குய்' என்று ஒரு பெயர் உண்டு. அர்த்தம், 'பெயரில்லாதவன்'. 'எனெபிஷ்' என்று இன்னொன்று, 'இது இல்லை' என்று அர்த்தம். கெட்ட ஆவி வந்து, 'இந்தக் குழந்தையா?' என்று கேட்டால், 'இது இல்லை!' குதிரை மேய்க்கிறவருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் ஒரே பயம், ஒரே தந்திரம்.

கூத்தன், சகாதேவனுக்கு வருவோம். எங்கள் பக்கம் பாரதக்கூத்து பூமி. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. கூத்தாண்டவர் என்றால் அரவான். சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து அழுகிற ஊர். அரவானை வைத்துத்தான் 'அரவாணி' என்ற சொல்லும் புழங்கியது. பிறகு 'திருநங்கை' என்ற சொல் வந்து நிலைத்துவிட்டது. 2008-ல் தமிழ்நாடு அரசு நல வாரியமே அமைத்தது.

இதைச் சொல்லக் காரணம், நோட்டில் ஓர் இடத்தில் ஆண்கள் அளவுகளுக்கு நடுவே ஒரு பெண் பெயர், ரவிக்கை அளவோடு. "இது யாருப்பா? நீங்கதான் லேடீஸ் தைக்க மாட்டீங்களே?" என்றேன். கூவாகம் போகிற வழியில் வந்த ஒரு திருநங்கையாம். நாலு கடையில் அளவு எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் போர்டைப் பார்த்துவிட்டு, 'பேரே பாவாடைன்னு வச்சிருக்கீங்க, நீங்களாவது தைச்சுக் குடுங்க' என்று உள்ளே வந்துவிட்டார். அப்பா நோட்டை எடுத்து, "பேரு சொல்லும்மா" என்றிருக்கிறார். அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லியிருக்கிறார். அப்பா அப்படியே எழுதிக்கொண்டார்.

"வேற எதுவும் கேக்கலியா?"

"என்னாத்தக் கேக்கறது? பேரு அவங்கவங்க சொல்றதுதான். அளவுதான் நாம எடுக்கணும்."

நான் சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எங்கே அந்த 'பாண்டியன்' பேச்சு வந்துவிடுமோ என்று. வரவில்லை.

நோட்டில் பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் மலை ஊர்கள். சேராப்பட்டு, மாவடிப்பட்டு, கிளாக்காடு, மூலக்காடு, இன்னாடு, வெள்ளிமலை. பொங்கலுக்கு முன்னால் அப்பா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். ஊர் ஊராக அளவு எடுத்து வந்து, தைத்து, மறுபடி கொண்டுபோய்க் கொடுப்பார். பணமாகப் பாதி, சாமையும் தினையுமாகப் பாதி.

சென்னையில் ஒருமுறை, "எங்கப்பாவுக்குக் கஸ்டமரெல்லாம் மலையாளிங்கதான்" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா? கேரளாவில எந்த ஊரு?" என்று கேட்டான் நண்பன். நான் விளக்கப்போக, அவன் கடைசிவரை நம்பவில்லை. மலையை ஆள்கிறவன் மலையாளி, அவ்வளவுதான். கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது மலைகளில் வாழ்கிற பழங்குடி மக்களின் பெயர் அது. பேசுவது தமிழ். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

இந்தப் பெயர்க் குழப்பம் ஹாஸ்டல் அரட்டையோடு போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்று எழுதி, பக்கத்தில் மாவட்டங்களையும் குறித்திருக்கிறார்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. தென் ஆற்காடு 1993-லேயே பிரிந்துவிட்டது. அதிலிருந்து வந்த விழுப்புரத்தைப் பிரித்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது. பட்டியலில் மட்டும் இன்னும் தாத்தா காலத்துப் பெயர். எங்கள் மலைக்காரர்களுக்குத் தென் ஆற்காட்டின் புண்ணியத்தில் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிகளுக்கு அதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் அவர்கள் மாவட்டம் வராததால், அதே பெயர், அதே மக்கள், சான்றிதழ் கிடையாது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களைப் பர்கூருக்கு ஒரு தடவை அனுப்பி வைக்கலாம்.

போன மாசம் அப்பாவை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பழைய வாடிக்கைக்காரர் ஒருவரைப் பேர்வைக்கிற விசேஷத்துக்கு நேரில் அழைக்க வேண்டும் என்றார். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. கரியாலூர் வந்ததும் காற்று மாறிவிட்டது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். மாவடிப்பட்டு என்றால் மாமரத்தடி ஊர். கிளாக்காடு என்றால் களாக்காய்ச் செடி மண்டிய காடு. களாவை இங்கே கிளா என்பார்கள்.

"பட்டுன்னா? பட்டுப்புடவையா?" என்றேன், வேண்டுமென்றே.

"ஆமா, இங்க வந்துதான் காஞ்சிபுரத்துக்காரன் நெய்யறான்" என்றார் அப்பா.

(பட்டு என்றால் சிற்றூர். ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-ல் வந்த புத்தகம். ஊர்ப்பெயரில் ருசி உள்ளவர்கள் ஒருதடவை படித்துவிட வேண்டும்.)

அப்பா காஞ்சிபுரத்தைக் கிண்டலுக்காக இழுத்தாலும், அதில் ஒரு கதை இருக்கிறது. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்றுதான் மலையாளிகள் சொல்லிக்கொள்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலேயே இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. மலையில்கூட பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று அண்ணன் தம்பி உண்டு. நிர்வாகமும் மூன்றாகத்தான் இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியது. இந்த ஜாகிர்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்! அப்பா கடை போடுவதற்கு இரண்டே வருஷம் முன்னால்.

வாடிக்கைக்காரருக்கு எண்பது வயசு இருக்கும். அப்பாவைப் பார்த்ததும், "வாய்யா பாவாட!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கூப்பிட்ட விதத்தில் அந்தப் பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் விளையாடிய பேரனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, "ஏ அரிசி! ஏ அரிசி!" என்று கத்தினார். பையன் முறைத்துக்கொண்டே வந்தான். "ஹரீஷ் தாத்தா, ஹரீஷ்!"

"அதான், அரிசி" என்றார் பெரியவர்.

அவர்கள் கும்பிடுகிற சாமி கரியராமர். கறுத்த ராமர். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் திருக்கோவிலூர் ஞாபகம் வந்தது. அதுவும் இப்போது எங்கள் மாவட்டம்தான். அங்கே ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். காரி என்றால் கறுப்பு. அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். கொல்லிமலை ஓரியைக் கொன்று, அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். ராஜாவே கறுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு கம்பீரமாகக் குதிரை ஏறியிருக்கிறான். அந்தப் பூமியில் கருப்பன் என்று பெயருள்ள ஒரு பையன், காலேஜில் 'கே.பி.' என்று சுருக்கிக்கொள்கிறான். (எனக்குத் தெரிந்த கே.பி. ஒருவன் இருக்கிறான். பாண்டியனுக்கு அவனைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை.)

பெரியவர் வீட்டில் ஒரு வருத்தமும் இருந்தது. பேத்தி நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒரு சான்றிதழில் அப்பா பெயர் சடையன், இன்னொன்றில் சடையப்பன். ஓர் அலுவலகத்தில், 'இரண்டும் ஒரே ஆள் என்று எழுதி வாங்கி வா' என்று சொல்லி, மூன்று தடவை மலை இறங்கி ஏற வைத்துவிட்டார்களாம். மரியாதைக்காக ஒரு வாத்தியார் சேர்த்து எழுதிய 'அப்பன்'! என் கணக்குப்பிள்ளை மூளை அப்போது கொஞ்சம் உபயோகப்பட்டது. என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அடுத்த தடவை நானே கூட வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது பெரியவர் அப்பாவிடம், "கள்ளக்குறிச்சின்னு சொன்னாலே இப்ப வெளியூர்க்காரன் ஒரு மாதிரி பாக்கறானாமே?" என்றார். உண்மைதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் பந்தல் இல்லாத சந்து பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வெளியூர் க்ளையண்ட், "ஓ, பேருலேயே கள்ளச் சாராயம் இருக்கே!" என்று போனில் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். (மாசம் இரண்டாயிரம் ரூபாய் க்ளையண்ட். போகட்டும்.)

அவரிடம் சொல்லியிருக்கலாம். குறிச்சி என்பது பழைய சொல். மலையும் மலை சார்ந்த குறிஞ்சி நிலத்து ஊர்களுக்குச் சிறுகுடி, குறிச்சி என்று பெயர் என்று இலக்கணமே சொல்கிறது. மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற ஊருக்கு அதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்? முன்பாதிக்குக் கள்ளர் என்பார் ஒருவர், கல் என்பார் இன்னொருவர். உள்ளூரில் எல்லோரும் செல்லமாகச் சொல்வது 'கல்லை'.

வண்டியில் திரும்பும்போது, இருட்டு தைரியத்தில், மெதுவாக ஆரம்பித்தேன். "அப்பா, போன வாரம் லைப்ரரியில தமிழ் லெக்சிகன் பார்த்தேன்."

"ம்."

"பாவாடைங்கிறதுக்கு முதல் அர்த்தம் பாவாடையே இல்லப்பா. பெரியவங்க நடந்து வர்றதுக்குத் தரையில விரிக்கிற துணி. நடைபாவாடை. அப்புறம் சாமிக்கு முன்னால துணி விரிச்சுக் குவிக்கிற சோறு. திருப்பதியில வியாழக்கிழமை திருப்பாவாடை சேவைன்னு இன்னைக்கும் நடக்குது, பெருமாளுக்கு முன்னால புளியோதரையைக் குவிச்சு வெக்கறாங்க..."

சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதியாகப் போட்ட அகராதி என்ற விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஏதோ பரிசு கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி.

"தெரியும்டா" என்றார் அப்பா.

"தெரியுமா?"

"எனக்கு முன்னாடி ரெண்டு போயிடிச்சு. மூணாவது நானு. எங்கம்மா மேல்மலையனூர் போயி, அங்காளம்மா கோயில்ல பாவாடைராயனுக்கு வேண்டிக்கிட்டா. ஆத்தாவுக்குக் காவக்காரன் அவரு. தக்கிச்சின்னா உம் பேரையே வெக்கிறேன்னு. கோயில்ல துணி விரிச்சு சோறு போடறதையும் சொல்லுவா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேப்பா?"

"நீ கேக்கலியே."

அடிவாரம் வரும்வரை நான் பேசவில்லை.

என் கல்யாணம் 2021-ல். பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகும்போது அப்பா, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏன்டா, பத்திரிகையில எந்தப் பேரைப் போடறது?"

பதினாலு வருஷம் மனசில் வைத்திருந்து கேட்டது அந்த ஒரு கேள்வி. "உங்க பேரைத்தாம்ப்பா" என்றேன். அவர் பேர்தான் அச்சானது. அதோடு என் வீரம் முடிந்திருந்தால் பரவாயில்லை. மண்டபத்தில் அந்தப் பழைய ரூம்மேட், "உங்கப்பா பேரு பாண்டியன் இல்ல?" என்று கேட்டான். "அது வீட்ல கூப்பிடற பேருடா" என்றேன். அப்பா பத்தடி தள்ளிப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா, தெரியாது.

மலையிலிருந்து வந்த மறுநாள் அளவு நோட்டுகளை மறுபடி பரணில் ஏற்றப் போனேன். கடைசி நோட்டில் 2015-க்குப் பிறகு வெற்றுத் தாள்கள். ரெடிமேட் வந்து கடையை மூட வைத்த கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். அந்த நோட்டுகளிலேயே அது தெரியும். தொண்ணூறுகளில் குப்பன் குறைந்து ரமேஷ், சுரேஷ் வருகிறார்கள். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஸ்கூல் யூனிபாரம் பிள்ளைகள் மட்டும், எல்லாம் 'ஷ்' பெயர்கள். அப்புறம் அதுவும் இல்லை. வெற்றுத் தாள்களுக்கு நடுவே, கடை மூடி ஆறு வருஷம் கழித்து, ஒரே ஒரு பதிவு. என் கல்யாணச் சட்டை. மார்பு 39, தோள் 18, கை 25. பெயர் எழுதுகிற இடத்தில் என் பெயர் இல்லை. அப்பாவின் குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: 'பாண்டியன் மகன்'.

கோபத்தில் எழுதியதா, கேலியா, இல்லை, பையனுக்குப் பிடித்ததை எழுதுவோம் என்று நிஜமாகவே நினைத்தாரா? பேனா அழுந்திய தடம்கூட இல்லை. மற்ற பெயர்களை எழுதிய மாதிரியேதான் எழுதியிருந்தார். பரண் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து மனைவி, "என்னாங்க, தூங்கிட்டீங்களா?" என்றாள்.

குழந்தை பெயர் முடிவான விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி மனைவியிடம் குர்து மக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். துருக்கி 1928-ல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது அந்த நெடுங்கணக்கில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றுக்கும் இடமில்லை. குர்துப் பெயர்களுக்கோ அவை வேண்டும். பிள்ளைக்கு ஆசைப்பட்டு வைத்த பெயரைப் பதிவேட்டில் ஆசைப்பட்டபடி எழுத முடியாமல் எத்தனையோ பேர் தவித்திருக்கிறார்கள். "அங்க எழுத்து கிடைக்காம அழுதாங்க. நாம இல்லாத எழுத்தையெல்லாம் வாங்கிட்டு வந்து வெக்கிறோம்" என்றேன்.

அவள் காதில் விழுந்தது வேறு. "குர்துப் பேரெல்லாம் எப்படி இருக்கும்? ஒண்ணு சொல்லுங்க."

"பெர்ஃபின்னு ஒண்ணு. பனியிலேர்ந்து வந்தது. பாரான்னு ஒண்ணு, ஆணுக்கும் வெப்பாங்க, பெண்ணுக்கும் வெப்பாங்க."

"பாரான்! சூப்பரா இருக்கே! என்ன அர்த்தம்?"

"மழை."

"இதையே வெச்சிடலாம்ங்க!"

"தாராளமா. அதுக்குத் தமிழ்ல மாரின்னு பேரு."

அடுத்த பத்து நிமிஷத்தை நான் விவரிக்கவில்லை. ஆனால் விடிந்ததும் அவளே வந்து, "மாரி வேண்டாம், பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. மழை சம்பந்தமா வேற இருந்தா சொல்லுங்க" என்றாள். கேலி பற்றி என்னிடமா சொல்வது! எழுதினோம், அடித்தோம், எழுதினோம். கடைசியில் முகில். 'ஷ' இல்லையே என்று அவளுக்கு இன்னும் லேசாகக் குறைதான்.

விசேஷத்துக்கு முதல் நாள் அப்பா தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார். பேத்திக்குக் கவுன் தைக்க வேண்டுமாம். பரணிலிருந்து கடைசி நோட்டை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதுப்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"முகில்."

எழுதினார். "யாரு வீடுன்னு போடறது?" அந்தக் காலத்தில் ஒரே பெயர் நாலு பேருக்கு இருந்தால் இப்படித்தான் கேட்பாராம். ஊரில் வேறு முகில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"பாவாடை பேத்தின்னு போடுங்கப்பா" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். டேப்பை எடுத்துக் குழந்தையின் நெஞ்சைச் சுற்றிப் போட்டார். அது இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"விடுடி, அளவு பாக்கணும்" என்றார் அப்பா. "பதினாறரைன்னு போடு. வளர்ற புள்ள, ஒரு இஞ்ச் சேத்தே வெட்டிடுவோம்."